உஷார்! அடிபடுவது முதல் ராத்திரி, சாவது நான்காம் நாள்

ஒருநாள் குஞ்சு வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறீர்களா? இன்குபேட்டரில் நாளைக்கோ மறுநாளோ முட்டை பொரியப் போகிறதா? அப்படியானால் இதைப் படித்த கையோடு எழுந்து போய், உங்கள் புரூடருக்கு, அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்கு, மேலே தொங்குகிற பல்பை ஒருமுறை பாருங்கள். அது எதில் தொங்குகிறது, ஒயரிலா, சங்கிலியிலா? ஹோல்டர் பிளாஸ்டிக்கா, பீங்கானா? பல்புக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் சுடுகிறதா, வெளிச்சம் மட்டும்தான் வருகிறதா? இந்த மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் இன்று ராத்திரி நீங்கள் தூங்கப் போகக் கூடாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் நடந்ததால் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். ஒரு மார்கழியில் 60 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வந்தேன். மஞ்சளும் கறுப்புமாகப் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தன. பெரிய அட்டைப் பெட்டி, அடியில் உமி, மேலே நியூஸ் பேப்பர் என்று எல்லாம் தயார். பல்பு வாங்கப் போனபோது குண்டு பல்பு இல்லை என்றார் கடைக்காரர். எல்இடி பல்பை எடுத்துக் கொடுத்து, "இதுவும் நூறு வாட்ஸ் வெளிச்சம் தானுங்க" என்றார். நான்கு வாங்கி மாட்டினேன். பெட்டிக்குள் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம்.

அன்று ராத்திரி முழுக்கக் குஞ்சுகள் கத்தின. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நொய் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் உயிரோடு இருந்தன. இரண்டாம் நாளும் ஒன்றும் ஆகவில்லை. பயம் தெளிந்து போனது. மூன்றாம் நாள் இரண்டு செத்தன. நான்காம் நாள் விடியும்போது பத்தொன்பது. மருந்துக் கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கி வைத்தேன். ஏழாம் நாள் எண்ணியபோது 60-ல் 23 மிச்சம்.

செத்த குஞ்சுகளில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு, பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பை.

"என்ன சீக்குங்க டாக்டர்?"

"சீக்கு இல்லீங்க. குளிர். முதல் ராத்திரி என்ன பல்பு போட்டீங்க?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பையைக் கத்தியால் நகர்த்திக் காட்டி, "இது கரைஞ்சே இருக்கணுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பைதான் மஞ்சள் கரு. பொரிவதற்குச் சற்று முன்னால் முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாயின் சீதனம் என்றே சொல்லலாம். பொரிந்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் சோறு, தண்ணீர், நோய் எதிர்ப்பு எல்லாம். ஒருநாள் குஞ்சை ஒன்றும் கொடுக்காமல் அட்டைப் பெட்டியில் அடைத்து நாமக்கல்லிலிருந்து பல நூறு கிலோமீட்டர் அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் இந்தச் சீதனம் கரைந்து உடம்பில் சேர வேண்டுமென்றால் குஞ்சின் உடம்பு கதகதப்பாக இருக்க வேண்டும். குளிரில் விறைத்த குஞ்சுக்கு அது கரைவதில்லை, உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகிறது. குளிர்ந்த குஞ்சு தீனியைத் தேடியும் போகாது. ஆகவே மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உள்ளே இருப்பதும் உதவாமல், வெளியே இருப்பதைத் தின்னவும் பழகாமல் சாய்ந்து விழுகிறது.

நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடி விழுந்தது முதல் ராத்திரி. சாவு தெரிவது நான்காம் நாள். நடுவில் இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதனால் யாருக்கும் பல்பு ஞாபகத்துக்கு வருவதில்லை. "குஞ்சே சரியில்லை", "கண்ணு பட்டுப்போச்சு", "ஏதோ சீக்கு" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த முறையும் அதே பெட்டி, அதே பல்பு, அதே நான்காம் நாள்.

எல்இடி பல்பு விஷயத்தை உரக்கச் சொல்லியே ஆக வேண்டும். அது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே வெப்பத்தை வீணாக்காததால்தான். நமக்கு வேண்டியதோ அந்த வெப்பம்தான். பெட்டியின் மேல் "100 வாட்ஸுக்கு இணை" என்று போட்டிருந்தால் அது வெளிச்சத்துக்கு இணை. சூட்டுக்கு இல்லை. 9 வாட்ஸ் எல்இடி 9 வாட்ஸ் அளவுக்கு மேல் சூடு தரவே முடியாது. சிஎஃப்எல்லும் உதவாது. பழைய குண்டு பல்பு வேண்டும், அல்லது இதற்கென்றே விற்கும் இன்ஃப்ராரெட் பல்பு வேண்டும். கணக்கு ஒரு குஞ்சுக்கு 2 வாட்ஸ். 50 குஞ்சுக்கு 100 வாட்ஸ். அதையும் ஒரே பல்பாக மாட்டாதீர்கள். 60 வாட்ஸில் இரண்டு மாட்டுங்கள். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். கையிருப்பில் ஒன்று இருக்கட்டும். கடைகளில் குண்டு பல்பு குறைந்துகொண்டே வருவதால், முதலில் பல்பு, அப்புறம்தான் குஞ்சு.

அடைக்கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். எங்கள் அமுச்சி (பாட்டி) அடைக்கோழியின் இறக்கைக்கு அடியில் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார்: "எப்பிடிச் சுடுது பாத்தியா சாமி? இதுக்குள்ளதான் அத்தனையும் கெடக்குது." பொரிந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கும் சக்தி கிடையாது. அது வர இரண்டு மூன்று வாரம் ஆகும், இறகு முளைக்க இன்னும் நாளாகும். அதுவரை அந்த இறக்கையின் வேலையைப் பல்பு செய்ய வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். எங்கள் பக்கம் மார்கழி ராத்திரி 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும். குஞ்சு கேட்பதற்கும் ஊர் கொடுப்பதற்கும் நடுவே 15 டிகிரி பள்ளம்.

தெர்மாமீட்டரை நாம் நிற்கும் உயரத்தில் சுவரில் மாட்டாதீர்கள். குஞ்சின் முதுகு எவ்வளவு உயரமோ அங்கே, தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில், பல்பின் வட்டத்து ஓரத்தில் வையுங்கள். குஞ்சு வருவதற்கு ஒருநாள் முன்பே பல்பைப் போட்டு உமியையும் தரையையும் சூடேற்றிவிட வேண்டும். சிமெண்ட் தரை ஈரக்கல் மாதிரி. மேலே சூடு இருந்தாலும் கீழே காலின் சூட்டையும் வயிற்றின் சூட்டையும் உறிஞ்சி எடுத்துவிடும். உமி இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இனி நெருப்பு. இதைப் படிக்கும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

தட்டார் பட்டறையில் உமியோட்டைப் பார்த்திருப்பீர்கள். உமியில் ஒரு கங்கு வைத்துவிட்டால் சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதே உமியைத்தான் நாம் புரூடரில் விரிக்கிறோம், அதற்கு மேலே தொட்டால் தோல் உரியும் பல்பைத் தொங்க விடுகிறோம். 250 வாட்ஸ் இன்ஃப்ராரெட் பல்பைச் சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் நாலு ராத்திரியில் ஹோல்டர் இளகும், பிடி தளரும், பல்பு உமியில் விழும். விழுந்த உடனே எரியாது. முதலில் புகையும். அந்தப் புகையிலேயே குஞ்சு முடிந்துவிடும். அப்புறம் அட்டை, அப்புறம் சாக்குத் திரை, அப்புறம் கொட்டகைக் கூரை. ஓலைக் கூரையாக இருந்தால் அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். பல்பின் பாரம் ஒயரில் இருக்கக் கூடாது. இரும்புச் சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ தொங்க வேண்டும், அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கம்பி வேண்டும். பெரிய பல்பு உமியிலிருந்து ஒரு முழமாவது, அதாவது 18 அங்குலம், மேலே இருக்கட்டும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ சங்கிலியை ஏற்றி இறக்கினால் போதும். பல்பைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒயர் குஞ்சுக் கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம். எலி முதலில் கடிப்பது அதைத்தான். குளிருக்கு மறைப்பாகத் தொங்கவிடும் சாக்கும் தார்ப்பாயும் காற்றில் ஆடிப் பல்பைத் தொடாதபடி கீழே கல் வைத்துக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை ஆற விட்டு, பல்பில் படிந்த தூசியையும் நூலாம்படையையும் துடையுங்கள்.

நகரத்தில் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உடையாமல் இருக்க டெஃப்லான் பூசிய வெப்ப பல்புகள் சில சந்தையில் உண்டு. சமையலறையில் நான்ஸ்டிக் தவாவும் உண்டு. அந்தப் பூச்சு அதிகம் சூடானால் கிளம்பும் ஆவி நமக்குத் தெரியாமலே பறவையின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். குஞ்சுப் பெட்டியை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். பல்பு அட்டையில் அந்தப் பூச்சுப் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால்? நம் ஊரில் "போனால்" என்று கேட்பதே தவறு. எப்போது போகும் என்றுதான் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவ்வளவு பெரிய புயல் வேண்டியதில்லை. மார்கழி ராத்திரியில் இரண்டு மணி நேரம் போதும்.

அப்போது நம் கை தானாகப் போவது கரிச் சட்டிக்கு. வேண்டாம். மூடிய அறையில், தார்ப்பாய் கட்டிய கொட்டகையில், கங்குச் சட்டி வைக்காதீர்கள். புகை வராத நல்ல கங்குதான் அதிக ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். குஞ்சுகள் தூங்குவது போலவே கிடக்கும். குஞ்சுக்குக் காவலாகப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்தவரும் அப்படியே கிடப்பார். 50 குஞ்சுக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

மாற்று வழி சுலபமானது. பழைய தண்ணீர் பாட்டில்களில் நல்ல சூடான தண்ணீரை (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பாட்டில் நெளிந்துவிடும்) நிரப்பி, இறுக மூடி, துண்டிலோ சாக்கிலோ சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே படுக்க வையுங்கள். குஞ்சுகளைச் சுற்றி நிற்கும் அட்டை வளையத்தைச் சுருக்குங்கள். மேலே சாக்கால் முக்கால் பாகம் மூடி, கால் பாகம் காற்றுக்கு விடுங்கள். குஞ்சுகள் தாமாகவே பாட்டிலை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் இது முடியாத காரியமில்லை. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நல்ல நிலையில் உள்ள 150 ஏஹெச் பேட்டரி 100 வாட்ஸ் பல்பு இரண்டை ஐந்தாறு மணி நேரம் எரிய வைக்கும். அன்று ராத்திரி மட்டும் வீட்டு ஃபேனையும் டிவியையும் அணைத்துவிடுங்கள்.

சதுரப் பெட்டியும் கொல்லும். குளிரில் குஞ்சுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் ஏறும். மேலே இருப்பவை பிழைக்கும், அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் சாகும். காலையில் மூலையில் ஒரு சப்பைக் குவியல் கிடக்கும். நம் முன்னோர் பஞ்சாரத்தை வட்டமாகத்தான் முடைந்தார்கள். பஞ்சாரத்துக்கு மூலை கிடையாது. புரூடருக்கும் இருக்கக் கூடாது. 18 அங்குல உயர அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். 250 குஞ்சுக்கு 5 அடி விட்டம், 50 குஞ்சுக்கு 3 அடி தாராளம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அகலப்படுத்திக்கொண்டே வாருங்கள். அட்டைப் பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால் நான்கு மூலையிலும் வளைத்த அட்டையைச் செருகிவிடுங்கள்.

குளிரைப் பற்றியே பேசியதைப் படித்துவிட்டுக் குஞ்சை அவித்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பகலிலும் பல்பு எரிய, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி வைத்தால் குஞ்சு வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கப் போட்டு, உடம்பில் நீர் வற்றிச் சாகும். தெர்மாமீட்டரை விட நம்பகமானது குஞ்சு படுத்திருக்கும் விதம். பல்புக்கு நேர் கீழே மொத்தமும் குவிந்து கிடந்தால் குளிர். பல்பை விட்டு விலகி ஓரத்தில் அட்டையை ஒட்டி நின்றால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. ஓட்டையைத் தேடி அடையுங்கள். வட்டம் முழுக்க ஆங்காங்கே பரவி, சில தின்று, சில காலை நீட்டிப் படுத்திருந்தால்தான் நாம் படுக்கலாம். ஆனால் காற்றையே அடைத்துவிடக் கூடாது. நாம் குனிந்து மூக்கை உமிக்கு அருகே கொண்டுபோகும்போது கண் எரிந்தால், எச்சத்தின் அமோனியா ஏறிவிட்டது என்று அர்த்தம். ஈர உமியை வாரிக் கொட்டுங்கள். ஈர உமியில்தான் மூன்றாம் வாரத்தை ஒட்டி ரத்தக் கழிச்சலும் கிளம்பும்.

சின்னதாகத் தோன்றிப் பெரிதாகக் கெடுப்பவை இன்னும் சில. வழவழப்பான நியூஸ் பேப்பரில் வழுக்கி வழுக்கி இரண்டு காலும் விரிந்துபோன குஞ்சு தேறுவது கஷ்டம். சொரசொரப்பான சாக்கு, நெளி அட்டை போடுங்கள். அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து நனையும், நனைந்த குஞ்சு குளிரில் போய்விடும். கூழாங்கல் போட்டு வையுங்கள். முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக, கொஞ்சம் வெல்லம் கரைத்ததாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எடுத்து அலகை ஒருமுறை நனைத்து விடுங்கள். அதற்கப்புறம்தான் தீனி. கட்டெறும்பு வரிசை உள்ளே வந்தால் படுத்த குஞ்சைக் கண்ணிலேயே கடிக்கும். மேடை வைத்திருந்தால் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு மருந்தை மட்டும் குஞ்சு கொத்தும் தூரத்தில் தூவாதீர்கள். பெருச்சாளி ஒரே ராத்திரியில் இருபது குஞ்சை இழுத்துக்கொண்டு போகும். பாம்பும் வரும். அரை அங்குலத்துக்கு மேல் கண் உள்ள வலை, வலையே இல்லை.

முதல் வாரத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவதற்குக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆனால் குளிரில் அடிபட்ட குஞ்சை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

திருவிழாக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் பச்சை, ரோஸ் சாயம் போட்டுக் குஞ்சு விற்கிறார்கள். பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள், பண்ணைக்கு வேண்டாதவை. குழந்தை அழுகிறதென்று வாங்கிக் கொடுத்து ஷூ பெட்டியில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்தக் குழந்தை பார்க்கப் போவது ஒரு சாவை. பல்பு மாட்ட முடியாத வீட்டுக்குக் குஞ்சைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் குழந்தை அதை முத்தமிட விடாதீர்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வையுங்கள். நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

இன்றைக்குக் குஞ்சு இறக்கியவர்கள் போனில் மூன்று அலாரம் வையுங்கள். பத்தரை, ஒன்றரை, நாலு. விடியலுக்கு முந்திய நேரம்தான் மிகக் குளிர்; பொதுவாக அப்போதுதான் நாம் நன்றாக அயர்ந்து தூங்குவோம். போனதும் கதவைத் திறக்காதீர்கள். வெளியே நின்று காதைக் கொடுங்கள். சூடு போதுமென்றால் உள்ளே மெல்லிய முணுமுணுப்பு இருக்கும், நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் பேசிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து, கூர்மையாக, விடாமல் "கீச் கீச்" என்று கத்தினால் அது பசி இல்லை. உடனே உள்ளே போய்ச் சங்கிலியை நான்கு அங்குலம் இறக்குங்கள், கால்மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கத்தல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வந்து படுங்கள்.